மாதம் ஓர் ஊரா, ஊருக்கு ஒரு வீடா: ஃப்ரீலான்ஸ் வேலையோடு கிளம்ப நினைக்கும் தம்பிக்கு

என் சித்தி மகன் வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வயது 26. இணையதளம் கட்டுகிற வேலை. எனக்கும் அதே வேலைதான். போன வருஷம் கம்பெனியை விட்டு ஃப்ரீலான்ஸ் ஆனான். இப்போது நிலையாக இரண்டு வாடிக்கையாளர்கள், ஒருவர் நியூயார்க்கில், ஒருவர் பெங்களூரில். போன வாரம் போன் செய்து, "அக்கா, ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடலாமான்னு பாக்குறேன். மாசம் ஒரு ஊர். நீங்க இருந்த மாதிரி" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைகள் என்னைத் தூங்கவிடவில்லை. 2021 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர் வரை மூன்றரை வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். 23 ஊர்கள். அவன் பார்த்ததெல்லாம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: இமாசலப் பிரதேசத்தின் பீர் கிராமத்தில் பாராகிளைடர்கள் மிதக்கிற வானம், வர்க்கலைக் குன்றின் விளிம்பில் ஒரு காபிக் கோப்பை. அதெல்லாம் உண்மையில் நடந்தவைதான். நான் அனுபவித்தவைதான். ஆனால் சுற்றல் முடிந்த பிறகும் என்னோடு தங்கிவிட்டவை வேறு. என் கழுத்து, என் தூக்கம், வராமல் போன கல்யாணப் பத்திரிகைகள், முகவரி இல்லாததால் நின்றுபோன ஒரு வங்கிக் கடன். நல்லதும் தங்கியிருக்கிறது, அதையும் சொல்கிறேன். அவன் முடிவெடுக்க வேண்டியது இப்படித் தங்கிப்போகிறவற்றை வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

அவன் முன்னால் இருப்பது "போகலாமா, வேண்டாமா" என்ற ஒரே கேள்வி இல்லை. எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் உண்டு. மாதம் ஓர் ஊர் என்று ஓடுவது. வருஷத்துக்கு மூன்று ஊர் என்று நிதானமாக நகர்வது. ரிமோட் வேலைக்கான விசா எடுத்து வெளிநாட்டில் தங்குவது. கடைசியாக, சொந்த ஊரிலோ பிடித்த ஊரிலோ ஒரு வாடகை வீட்டை வைத்துக்கொண்டு வருஷத்தில் இரண்டு முறை நீளமாகப் போய்வருவது. மூன்றாவதும் நான்காவதும் உட்பட நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன்.

மாதம் ஓர் ஊர்

முதலில் நாள் கணக்கு. ஓர் ஊரைவிட்டு இன்னோர் ஊரில் உட்கார்ந்து ஒழுங்காக வேலையை ஆரம்பிக்க எனக்கு 3 நாள் ஆகும். கட்டுவதற்கு அரை நாள், பயணம் ஒரு நாள், அப்புறம் இன்டர்நெட் சரியாக வருகிறதா, சாப்பாடு எங்கே, துணி துவைக்க எங்கே, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்ப்பதில் மிச்சம். வருஷத்துக்கு 12 முறை என்றால் 36 நாள். மாதச் சம்பளக்காரருக்கு அது விடுப்பு. நமக்கு அது ஒரு மாதத்துக்கும் மேலான வரவு. வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிற யாரும் இந்த 36 நாளைச் சேர்ப்பதில்லை, நானும் முதல் வருஷம் சேர்க்கவில்லை.

அடுத்தது உடம்பு. பீரில் நான் எடுத்த அறை மிக அழகு. ஜன்னலைத் திறந்தால் தௌலாதார் மலைத்தொடர். ஆனால் அறையில் மேசை இல்லை. தரையில் மெத்தை, ஒரு குட்டைப் பலகை, அவ்வளவுதான். 5 வாரம் மெத்தையில் சம்மணம் போட்டு, பலகையில் லேப்டாப்பை வைத்து, குனிந்தே வேலை பார்த்தேன். மூன்றாவது வாரம் வலது கை சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் மரத்துப்போகிற உணர்வு. குளிர்தான் காரணம் என்று நினைத்துக் கையுறை வாங்கினேன். அடுத்த ஊரில் கட்டில், அதற்கடுத்த ஊரில் கபேயின் உயரமான ஸ்டூல். ஊருக்கு ஊர் உட்காருகிற உயரம் மாறிக்கொண்டே இருந்தது, கழுத்து மட்டும் ஒரே மாதிரி குனிந்தே இருந்தது. சொந்த ஊரான கோவில்பட்டிக்குத் திரும்பின பிறகு பிசியோதெரபிக்கு 4 மாதம் நடந்தேன். விரல் சரியாகிவிட்டது. கழுத்து இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. எனக்கு வயது 34.

இன்றைக்கும் எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் மேசையின் உயரத்தையும் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதையும் தேடும். உறவுக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் அப்படித்தான்.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் ஓர் ஊரில் நண்பர்கள் கிடைக்கமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. நிறையவே கிடைப்பார்கள். இரண்டாம் நாளே ஒன்றாக டீ குடித்து, பத்தாம் நாள் வாழ்க்கைக் கதை முழுக்கச் சொல்லி, முப்பதாம் நாள் கட்டிப்பிடித்து விடைபெறுவோம். பிரச்சினை பழைய நண்பர்களோடுதான் வந்தது. கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் கல்யாணத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோபப்பட்டுப் போன் செய்தேன். "நீ எங்க இருக்கியோன்னு நெனச்சேன்டி. போன மூணு விசேஷத்துக்கும் வரல. கூப்பிட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றாள். அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. நம் ஊரில் உறவு என்பது காது குத்துக்கும் வளைகாப்புக்கும் பால் காய்ச்சுவதற்கும் போய் நிற்பதில் இருக்கிறது. நாலு முறை நிற்காவிட்டால் ஐந்தாவது முறை கூப்பிடமாட்டார்கள். அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இருக்காது, நமக்கு ஏன் தொந்தரவு என்ற நல்லெண்ணம்தான். இப்போது ஒன்றரை வருஷமாக ஊரில் இருக்கிறேன். பத்திரிகைகள் மெல்ல மெல்லத் திரும்ப வர ஆரம்பித்திருக்கின்றன. இழந்ததிலேயே இதுதான் பெரிசு என்பேன்.

2022 அக்டோபரில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. காலை 7 மணிக்குப் போன் வந்தது. பீரிலிருந்து டெல்லிக்கு அன்று மாலை பஸ், ராத்திரி முழுக்கப் பயணம், மறுநாள் விமானத்தில் சென்னை, அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து மறுபடி பஸ். கோவில்பட்டி வந்து சேரும்போது மறுநாள் இரவு 9. மொத்தம் 38 மணி நேரம். ஆபரேஷன் முடிந்து அப்பா கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தது எதிர்வீட்டு அக்கா. அப்பா இன்று நன்றாக நடக்கிறார், இதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியது இல்லை.

சரி, தங்கிய நல்லவை. எனக்குப் பயம் போய்விட்டது. தெரியாத ஊரில் ராத்திரி பஸ் ரத்தானால் என்ன செய்வது என்று இப்போது கை தானாகத் தெரிந்து வைத்திருக்கிறது. இந்தி பேச வந்தது. வாடிக்கையாளரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குகிற பழக்கம் வந்தது. நெட் எப்போது போகும் என்று தெரியாத இடத்தில் வேலை பார்த்தால் வாய்ப்பேச்சை நம்ப முடியாது. என் இரண்டு சுடிதாரும் ஒரு ஜோடி ஷூவும் எனக்குப் போதும் என்று தெரிந்தது. இவை பெரிய விஷயங்கள். ஆனால் இவற்றைச் சம்பாதிக்க 23 ஊர் தேவையே இல்லை. முதல் ஆறு ஏழு ஊரிலேயே வந்துவிட்டன.

வருஷத்துக்கு மூன்று ஊர்

இதில் நாள் இழப்பு 36-லிருந்து 9 ஆகிறது. நாலு மாதம் தங்கினால் வாடகையும் இறங்கும். சுற்றுலாக் கூட்டம் இல்லாத பருவத்தில் வர்க்கலையில் எனக்கு மாத வாடகையாக 14,000-க்குக் கிடைத்த அறை, டிசம்பரில் நாள் வாடகைக்குத்தான் என்றார்கள். ஒரு நல்ல நாற்காலியை வாங்கி, போகும்போது பாதி விலைக்கு விற்றுவிட்டும் வரலாம். மளிகைக் கடைக்காரருக்கு முகம் தெரிகிற அளவுக்கு ஓர் ஊரில் இருப்போம்.

பருவத்தைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வர்க்கலையில் ஜூன், ஜூலையில் வாடகை குறைவுதான், ஆனால் தென்மேற்குப் பருவமழை ஈரத்தில் என் பையின் தோல் பட்டையில் பூஞ்சை பூத்துவிட்டது. குன்னூருக்கு அக்டோபர், நவம்பரில் போகாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரயிலும் சாலையும் நின்றுபோகிற மாதங்கள் அவை. பெண்ணாக இருந்தால் இன்னொரு செலவும் உண்டு. நான் எந்த ஊருக்கும் இருட்டின பிறகு போய் இறங்கியதில்லை. அதற்காகவே வழியில் ஓர் இரவு தங்கிப் போன பணமும், வீட்டுக்காரர் குடும்பம் கீழே இருக்கிற மாடி அறைக்காகக் கூடக் கொடுத்த வாடகையும் கணக்கில் உண்டு. தம்பிக்கு இது மிச்சம்.

ஆனால் முகவரிப் பிரச்சினை இந்த வழியிலும் அப்படியே இருக்கும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 26 வயதில் யாரும் இதை யோசிப்பதில்லை.

ஒரு சின்ன வீடு வாங்கக் கடன் கேட்டேன். வங்கிகள் வழக்கமாகக் கேட்பதுபோல மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு கேட்டார்கள், இருந்தது. பிறகு வீட்டைச் சரிபார்க்க ஆள் அனுப்பினார்கள். நான் கொடுத்த வாடகை முகவரி இரண்டு முறையும் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு எப்பவாச்சும்தான் வரும்" என்றார்களாம். கோப்பு திரும்பி வந்துவிட்டது. வேறு இடத்தில் கடன் கிடைக்க அடுத்து ஒரு வருஷம் ஓர் இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

வாக்காளர் பட்டியலும் அப்படித்தான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்கள். நான் ஊரில் இருந்தேன், கையில் வாங்கி அன்றே நிரப்பிக் கொடுத்தேன். இன்னும் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தோழி தர்மசாலாவிலிருந்து பத்து பேருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அதற்குத் தொழில் நடக்கும் இடம் என்று ஒரு முகவரி காட்ட வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்வது ஏற்றுமதி என்பதால் உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி இல்லாமல் பில் போடலாம். கஷ்டமில்லை, ஆனால் முகவரி வேண்டும். எதற்கும் உன் அப்பா அம்மா வீட்டு முகவரியைப் பிடித்துக்கொள் என்று தம்பியிடம் சொன்னேன். ஆதார், வங்கி, பான், எல்லாம் ஒரே முகவரி.

வருமான வரியைப் பற்றி எங்கள் தொழிலில் நல்ல செய்திதான். 44ஏடிஏ என்று நாங்கள் பழகிய பிரிவின்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். பெரும்பாலும் வங்கி வழியாகவே பணம் வந்தால் 75 லட்சம் வரவு வரை இது பொருந்தும். 18 லட்சம் வரவு என்றால் 9 லட்சம் வருமானம். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் சம்பளக்காரருக்கு மாதாமாதம் முதலாளி போடுகிற 12 சதவீத பிஎஃப் பங்கு நமக்கு இல்லை. யாரும் பிடித்து வைக்கமாட்டார்கள். நான் சுற்றிய மூன்றரை வருஷத்தில் நாமே பணம் போட்டுச் சேமிக்கிற அரசுத் திட்டமான பிபிஎஃப்பில் ஒரு ரூபாய் போடவில்லை. 15 வருஷக் கணக்கில் தொடக்க வருஷங்களில் போடுகிற பணம்தான் அதிகம் வளரும், அதைத்தான் விட்டேன்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 48 மாதம் வரை இருந்தது. 2024-ல் அதை அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்தார்கள். அந்த மூன்று வருஷமும் ஆரோக்கியமாக இருக்கிற வயதிலேயே ஓடிவிடட்டும். கழுத்து வலி வந்த பிறகு எடுக்கப்போனால் அதுவும் "ஏற்கெனவே இருக்கிற" கணக்கில் சேர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

வெளிநாடு

தம்பியின் கண் தாய்லாந்து மேல். 2024 ஜூலையில் ரிமோட் வேலைக்காரர்களுக்காகவும் அவர்கள் கொண்டுவந்த டிடிவி விசா 5 வருஷத்துக்குச் செல்லும், ஒவ்வொரு முறை நுழைந்ததும் 180 நாள் தங்கலாம், கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். மலேசியாவில் ரிமோட் வேலைக்கான டி ரண்டாவ் பாஸுக்கு எங்கள் தொழிலில் வருஷ வருமானம் 24,000 டாலர் இருந்தால் போதும். பாலி வேண்டுமென்றால் இந்தோனேசியாவின் ரிமோட் விசா வருஷத்துக்கு 60,000 டாலர் கேட்கிறது. அது இன்றைக்கு எங்கள் இருவருக்கும் எட்டாது. சுற்றுலா அனுமதியில் போய் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். மாட்டினால் அடுத்த விசா எல்லாவற்றிலும் அந்தப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

2023-ல் நான் கோலாலம்பூரில் 5 மாதம் இருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழில் பேசி, தோசை சாப்பிட்டு, வெளிநாடு என்ற எண்ணமே வராமல் இருந்தேன். நல்ல மேசை, நல்ல நெட். ஆனால் என் முக்கிய வாடிக்கையாளர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தார். அவருக்குக் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இங்கே இரவு 8.30. சமாளிக்கலாம். அதே நேரம் பாங்காக்கில் இரவு 10, கோலாலம்பூரில் இரவு 11. வாரத்தில் நாலு நாள் 11 மணிக்குக் கூட்டம் ஆரம்பித்து 12.30-க்கு முடிந்து, மூளை அடங்கித் தூங்க 3 மணி ஆகும். ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகியும் 3 மணிக்கு முன் தூக்கம் வரவில்லை. தம்பிக்கும் நியூயார்க் ஆள்தான் பெரிய வரவு. கிழக்கே போகப்போக அவன் ராத்திரி நீளும். ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் இந்தக் கஷ்டம் பாதி குறையும். எந்த நாடு அழகு என்று பார்ப்பதற்கு முன் இந்த மணிக்கணக்கைப் பார்க்கச் சொல்வேன்.

வரி மிச்சமாகும் என்று நினைத்துப் போவதும் சரிவராது. வருஷத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இங்கே வரி. தாய்லாந்தில் 180 நாள் இருந்தால் அங்கே வரிக் குடியிருப்பாளர் ஆகிவிடுவோம், 2024 முதல் வெளியிலிருந்து கொண்டுவருகிற வருமானத்துக்கு அங்கே வரிக் கேள்வி வரும். கிளம்புவதற்கு முன் ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவது நல்லது. சியாங் மாய் போகிறதென்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேண்டாம், வயல்களையும் காடுகளையும் எரிக்கிற புகையில் மூச்சு விடுவதே கஷ்டம்.

ஒரு வீடு, இரண்டு நீண்ட பயணம்

நான் இப்போது இருப்பது இப்படி. கோவில்பட்டியில் இரண்டு அறை வீடு, வாடகை 8,500. சுவர் ஓரமாக ஒரு தச்சரை வைத்து என் முழங்கை உயரத்துக்குச் செய்த மேசை. பிப்ரவரியில் 6 வாரம், ஆகஸ்டில் 6 வாரம் வெளியூர். போகிற இடத்தில் வாடகை, இங்கேயும் வாடகை, ஆக மூன்று மாதம் இரட்டைச் செலவு. வருஷத்துக்குச் சுமார் 25,000 வீணாவதுபோலத் தோன்றும். தம்பி இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டான். ஆனால் மாதம் ஓர் ஊரில் போகிற 36 நாள் வரவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. இரண்டு பயணத்துக்கும் போக வர நாலு நகர்வு, 12 நாள். வேலை நாட்கள் மிச்சம், வீடு பூட்டியிருந்தாலும் சாவி எதிர்வீட்டில்.

இதன் குறை என்னவென்றால், கிளம்புவது கஷ்டமாகிவிடும். வீடு இருந்தால் அதில் பொருள் சேரும், செடி சேரும், "இந்த மாசம் வேண்டாம், அடுத்த மாசம்" என்று தள்ளிப்போகும். போன ஆகஸ்டில் நான் போகவே இல்லை. அதனால் இப்போது டிக்கெட்டை நாலு மாதம் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுகிறேன். 26 வயதில் யாராவது என்னிடம் நேராக இந்த வழியில் இரு என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வயதில் ஒரு நீண்ட ஓட்டம் தேவையாகத்தான் இருக்கிறது.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இரண்டாவது வழியை, அதுவும் ஒரு வருஷத்துக்கு. மூன்று ஊர், ஒவ்வொன்றிலும் நாலு மாதம் இருந்து பார். காப்பீட்டையும் பிபிஎஃப் கணக்கையும் இந்த மாதமே ஆரம்பி. முகவரி சித்தி வீடு. வருஷத்தில் எந்த ஐந்து விசேஷத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள், அந்தத் தேதிகளைச் சுற்றித்தான் ஊர் மாற வேண்டும். நெட் போனாலும் ஒரு நாள் பயணத்தில் வீடு வந்து சேர்கிற தூரத்தில் முதல் ஊர் இருக்கட்டும். வருஷக் கடைசியில் கழுத்தும் தூக்கமும் நன்றாக இருந்தால் வெளிநாட்டைப் பற்றிப் பேசுவோம், இல்லாவிட்டால் ஒரு வீடு பார்ப்போம்.

"அப்ப மாசம் ஒரு ஊர் வேண்டவே வேண்டாமாக்கா?" என்று கேட்டான். எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றியது. "ஒரு மூணு மாசம் வேணா ஓடிப் பாரு தம்பி, அதுக்கு மேல வேண்டாம்" என்றேன்.

நேற்று ராத்திரி கோத்தகிரியில் ஓர் அறையின் படங்களை அனுப்பியிருந்தான். ஏழு படம். ஐந்தில் ஜன்னலும் தேயிலைத் தோட்டமும், ஒன்றில் கட்டில், ஒன்றில் வாசல். மேசை எங்கேயும் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் மேசை இருக்கிறதா, எத்தனை அங்குல உயரம், நாற்காலிக்குச் சாய்மானம் உண்டா என்று கேட்டுவிட்டு முன்பணம் அனுப்பு என்று பதில் போட்டிருக்கிறேன்.